இடக்கையில் விரிந்த விசிறி

பாரிஸில் விசிறிக் கடை வைத்திருந்த கோபெர், விலைபோகாத சரக்கையும் இனிக்கப் பேசியே தள்ளிவிடுகிறவர். அந்தத் தந்த விசிறியும் அப்படிப் போனதுதான். வலப்பக்கமாக விரித்தால் ரோஜாத் தோட்டம், ஆட்டுக்குட்டிகள். இடப்பக்கமாக விரித்தால் அதே பட்டைகளில் ஒரு பாதிரியார். அவர் மடியில் பால்காரி. விஷயம் தெரிந்தால் கண்ணியமானவர்கள் தொட மாட்டார்கள். ரசிக்கிறவர்களோ கேட்ட விலை தர மாட்டார்கள். ஆகவே மதாம் தவெர்னியேவின் மகள் க்ளோதில்துக்கு அவர் ஆட்டுக்குட்டிகளை மட்டும் காட்டி விற்றார்.

நிச்சயதார்த்த விருந்தில் மாப்பிள்ளை எதியென் அவளுடைய வலக்கையைப் பிடித்தவன் விடவேயில்லை. வெட்கம் தாங்காமல் அவள் இடக்கையால் விசிறியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். எதிரே சூப் குடித்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவரும் பாதிரியார்.

மறுநாள் காலையிலேயே எதியென் விசிறியோடு கடைக்கு வந்துவிட்டான்.

"முசியே, இதுக்குள்ள இன்னொரு படம் இருக்குன்னு அவளுக்குத் தெரியுமா? அதை மட்டும் சொல்லுங்க."

கடையில் இரண்டு சீமாட்டிகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கோபெர் நெஞ்சை நிமிர்த்தினார். "ரெண்டு பக்கமும் விரிச்சுக் காட்டாம என் கடையில எதையும் விக்கிறதில்லைங்க."

எதியென் விசிறியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். தன் பெருமை யார் தலையில் விழுந்தது என்று அப்புறம்தான் கோபெருக்கு உறைத்தது.

சாயங்காலம் தாயும் மகளும் வந்தார்கள்.

"அடப்பாவி மனுஷா! கல்யாணத்தையே நிறுத்திட்டாங்கய்யா! எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்றாள் மதாம்.

"சும்மா இரும்மா. முசியே, அதுல அப்படி என்னதான் இருக்கு? எனக்கு யாருமே காட்ட மாட்டேங்கிறாங்க" என்றாள் க்ளோதில்த்.

கோபெர் இடப்பக்கமாக விரித்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க காட்டினது ஆட்டுக்குட்டியத்தானே? நான் ஒவ்வொண்ணுக்கும் பேர்கூட வச்சிருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. "இங்கேயே இருங்க" என்று சொல்லி, தொப்பியையும் விசிறியையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

எதியென் தன் வீட்டு வாசலிலேயே அவரை நிறுத்தி வைத்துக் கேட்டான். கோபெர் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினார். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் மறைச்சு வித்தேன். காலையில சொன்னது பொய்."

"காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலையா முசியே? இந்தப் பேச்சுக்குப் பொண்ணு வீட்டுல எவ்வளவு குடுத்தாங்க?"

அவன் இடத்தில் இருந்தால் கோபெரும் அதையேதான் கேட்டிருப்பார். பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

கடையில் இருவரும் காத்திருந்தார்கள். வரும்போது ஓடி வந்த தெருவில் கோபெர் மெல்ல நடந்தார். பாதி வழியில் இன்னும் மெல்ல நடந்தார்.