சொல்லிக்கொடுக்காத நோய்

மனைவியின் கடைசி வைத்தியத்துக்காகத் துறைமுகக் கூலி தேவபிரசாதம் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தர வேண்டியிருந்தது பதினொரு ரூபாய் நாலணா. கையில் காசில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் நர்சு வகுப்பில் நோயாளியாக நடித்து, வாரம் எட்டணாவாகக் கழித்துவந்தான்.

இன்று வயிற்றுவலி. எங்கே வலி, எத்தனை நாளாக என்று பெரிய நர்சம்மா முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். மாணவிகள் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, விளக்கெண்ணெய் என்றார்கள்.

நாலாவதாக வந்த இன்பமணி நாடி பார்த்தாள். பிடித்த கையை விடாமலே கேட்டாள்.

“அண்ணாச்சி, வீட்டுல ஆரு சோறு பொங்குதா?”

அதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

“ஒருத்தருமில்லம்மா. அவ போனதுலேருந்து அடுப்பு பத்தவைக்கல.”

இன்பமணி நர்சம்மா பக்கம் திரும்பினாள். “இது வயித்துவலி இல்லம்மா. ஒத்தையில கெடந்து பட்டினி கெடக்காக.”

“ஏளா, நான் குடுத்த நோய் அதில்லையே!”

“அவுகளுக்கு இருக்கது அதுதான!”

வகுப்பு சிரித்தது. நர்சம்மா அவன் சட்டையைத் தூக்கி விலா எலும்புகளைப் பார்த்தார். பிறகு கணக்கு நோட்டை வரவழைத்து, மீதி மூன்று ரூபாய் நாலணாவையும் அடித்தார்.

“இனி நீ வர வேண்டாம். கூலிய வயித்துக்குச் செலவழி.”

தேவபிரசாதம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். கடன் தீர்ந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை, உனக்கு என்ன செய்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை.