பிணம் விட்ட பெருமூச்சு

தண்ணீர்ப் பம்பு பழுது பார்ப்பதுதான் அவருடைய தொழில். சினிமாவில் பிணமாகப் படுப்பது உபதொழில். கத்திக்குத்து, கார் விபத்து, மாரடைப்பு என்று பன்னிரண்டு வருஷத்தில் முப்பத்தெட்டு முறை செத்திருக்கிறார். ஈ வந்து மூக்கு நுனியில் உட்கார்ந்தாலும் இமை துடிக்காது. ஸ்டுடியோவில் எல்லோரும் வாய் நிறைய "வாங்க, பிரேதம் சார்!" என்று கூப்பிட, அவரும் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

மனைவிக்குத்தான் இது கட்டோடு பிடிக்கவில்லை. அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தெருவில் உள்ளவர்களின் துணிகளைப் பிடித்தும் பிரித்தும் கொடுப்பவள். வாய்க்கும் ஊசிக்கும் வேகம் ஒன்றுதான்.

"அவனவன் உசுரோட இருக்கறதுக்கே படாத பாடு படறான். நீங்க என்னடான்னா செத்துட்டு வந்து பெருமை அடிக்கிறீங்க!"

"ரெண்டு நிமிஷம் மூச்சடக்குறது லேசுப்பட்ட காரியமாடி?" என்பார் அவர். அந்த வித்தையைப் படுக்கையிலும் பழகிப் பார்ப்பார். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்.

இந்தத் தடவை வந்தது பெரிய வாய்ப்பு. படம் முழுக்க ஒரே நாள், ஒரே வீடு. குடும்பத் தலைவர் இறந்துவிடுகிறார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லாமல் விட்டதைச் சொல்லி விடைகொடுக்கிறார்கள். கூடத்துக் கட்டிலில் மார்புவரை வெள்ளைத் துணி போர்த்தி, ஒன்பது நாள் அவர் படுத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவளே வந்து சேர்ந்தாள். மனைவியாக நடிக்கும் நடிகை போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

"அம்மா, அஞ்சே நிமிஷம் அந்த நாற்காலியில உக்காருங்க. லைட் பாக்கணும்," என்றாள் உதவி இயக்குநர் பெண்.

செருப்புச் சத்தத்திலேயே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறக்கலாமா என்று நினைத்தார். தொழில் தர்மம் தடுத்தது. சும்மா கிடந்தார்.

நாற்காலி கட்டிலோரமாக நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய விரல்கள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தன.

"யாரு தைச்சது இது? கழுத்து ஒரு பக்கமா இழுக்குது." குரல் ஒரு மாதிரி இருந்தது. "முகத்துல இவ்வளவு பவுடரா அப்பறது? பாக்கவே முடியல."

அவருக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

"எங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப, நாலு நாள் வெறுந்தரையில படுத்துக் கிடந்தீங்க. அதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லல. புருஷன்கிட்டப் போயி நன்றி சொல்வாங்களான்னு விட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க மூச்சடக்கிப் பழகுவீங்களே, அப்பல்லாம் நான் தூங்கலங்க. நீங்க தூங்கினப்புறம் மூக்குகிட்ட கை வச்சுப் பாப்பேன். காத்து பட்டாத்தான் எனக்குத் தூக்கம். பன்னண்டு வருஷமா இதான்."

முப்பத்தெட்டுச் சாவிலும் அசையாத மனுஷனிடமிருந்து, கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது. வெள்ளைத் துணி எழும்பி அடங்கியது. லைட் பிடித்திருந்தவன் "ஐயோ!" என்று அலறி ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

கண்ணைத் திறந்தார். எதிரே அவள், முகமெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கேன்டி," என்றார்.

"தெரியுது. மாத்திரையப் போடுங்க."

டைரக்டரம்மா ஓடி வந்தாள். "நீங்க பேசினது மனசைப் பிடிச்சு உலுக்கிருச்சும்மா. கேமரா முன்னாடி இன்னொரு தடவை பேசறீங்களா?"

"அது அவருக்குச் சொன்னது," என்று சொல்லிவிட்டு, அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படம் வெளியானபோது மத்தியானக் காட்சிக்கு இருவரும் போனார்கள். திரையில் அவரைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்களைப் பார்த்து, அரங்கில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். விளக்கு போட்டதும் முன்வரிசைக்காரர் ஒருவர் போனில் யாரையோ கூப்பிட்டு, "ஒண்ணுமில்லப்பா, சாப்டியான்னு கேக்கத்தான்" என்று சொன்னது காதில் விழுந்தது. வாசலில் ஓர் அம்மாள் அவரை அடையாளம் கண்டு, கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கீங்களா? நல்லா இருங்க," என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது அவர் தயங்கிச் சொன்னார்: "அண்ணனைப் பாத்து எட்டு மாசமாச்சு."

"இப்பவே போலாங்கறீங்களா?"

"ஆமா. இப்பவே."

சாலையைக் கடந்து எதிர்த்திசை பஸ்ஸில் ஏறினார்கள். கதவைத் திறந்த அண்ணன், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற இருவரையும் பார்த்து வெலவெலத்துப் போனார்.

"என்னடா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே. சும்மாத்தான் வந்தோம்."

அண்ணன் நம்பவில்லை. தம்பி முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏய், தம்பி வந்திருக்கான்! சும்மா வந்திருக்கானாம்!" என்று அடுக்களைக்குக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.