சேர்ந்து நகர்ந்த இரண்டு புள்ளிகள்

திருட்டுப் போன கார் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஹேமாவதியும் அப்படித்தான் நினைத்தாள், மத்தியானம் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது காரைக் காணோம். முந்தின நாள் கோலத்தின் மேல் டயர் தடம் மட்டும் கிடந்தது. அவள் போட்ட கூச்சலில் சேலையூரின் அந்தத் தெருவே எழுந்துவிட்டது. அவள் கணவன் ஹரிபிரசாத் மட்டும் நிதானமாகக் கைபேசியை எடுத்தான். காருக்குள் ஜிபிஎஸ் கருவி ஒன்றை ஒளித்துப் பொருத்தியிருந்தார்கள். ஊரப்பாக்கத்தில், ரயில் பாதையைத் தாண்டி ஒரு காலி மனையில் கார் நிற்பதாக அது காட்டியது.

போலீஸில் புகாரை வாங்கிக்கொண்டார்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மத்தியானம் ஆகியும் போன் வரவில்லை. ஹரிபிரசாத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ட்ரெயின்ல போய் தூரத்துல நின்னு பாத்துட்டு வரேன். கார் அங்கதான் இருக்குன்னு கண்ணால பாத்து சொன்னா உடனே வருவாங்க."

"தூரத்துல நின்னுதானே?"

"கிட்ட போக எனக்கென்ன பைத்தியமா ஹேமா?"

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை செய்கிற மனுஷன். எந்த வண்டிக்கு என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொல்வதுதான் அவன் பிழைப்பு. அதனால் நம்பினாள்.

அவள் கைபேசி வரைபடத்தில் கார் சிவப்புப் புள்ளி, அவன் கைபேசி நீலப் புள்ளி. மகள் ஸ்நேகா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்க, ஹேமாவதி சோபா நுனியில் உட்கார்ந்து நீலப் புள்ளியையே பார்த்தாள். அது ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கியது, தண்டவாளத்தைத் தாண்டியது, நின்றது. சரி, தூரத்தில் நிற்கிறான் என்று மூச்சு விட்டாள். பிறகு அது மெல்ல மெல்ல ஊர்ந்து போய்ச் சிவப்புப் புள்ளியின் தலைமேல் ஏறிக்கொண்டது.

அவள் ஓடிப்போய்ச் சாமி அலமாரியைத் திறந்தாள். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் காரின் மாற்றுச் சாவி அங்கே இல்லை. பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், படுபாவி.

திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு புள்ளிகளும் சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தன.

அவன் ஓட்டுகிறானா? இல்லை, அவனை ஏற்றிக்கொண்டு வேறு யாரோ ஓட்டுகிறார்களா? அவனுக்குப் போன் போட்டாள். அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஓட்டும்போது அவன் போன் பேச மாட்டான், ஆனால் ஒரு முறை மணி அடித்ததும் கட் செய்துவிடுவான். கட் செய்தால் 'வண்டியில இருக்கேன், நல்லா இருக்கேன்' என்று பொருள். கல்யாணமான நாளிலிருந்து இது தவறியதே இல்லை. இன்றைக்கு மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியே.

கட் செய்யக்கூட அவனால் முடியவில்லை என்றால், கட்டிப் போட்டிருக்கிறார்களா?

வேகத்தைப் பார்த்தாள். தொண்ணூறு. ஹரிபிரசாத் வண்டி ஓட்டினால் பின்னால் வருகிற தண்ணீர் லாரிக்காரன் திட்டிவிட்டுத்தான் முந்துவான். ஐம்பதைத் தாண்டுவது அவன் ஜாதகத்திலேயே கிடையாது. புள்ளிகள் வண்டலூருக்கு வந்தன. அவன் ஓட்டினால் நேரே பெருங்களத்தூர், தாம்பரம் என்று வீட்டுக்கு வருவான். "இப்படி வாங்க, இப்படி வாங்க" என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். புள்ளிகள் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பின. அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு பக்கம் மிருகக்காட்சிசாலைக் காடு, அப்புறம் ஆளில்லாத மனைகள்.

போலீஸுக்குச் சொன்னாள். ரோந்து வண்டியை அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்குள் அவனைக் கொன்று போட்டுவிட்டால்?

ஜிபிஎஸ் செயலியின் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, இன்ஜினை நிறுத்த; பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான், மறுபடி ஓடவிட. கருவியைப் பொருத்திக் கொடுத்த பல்லாவரம் கடைக்கார எட்மண்டைக் கூப்பிட்டாள்.

"நான் அமுக்கினா கார் நடுரோட்டுல டக்குனு நின்னுடுமா எட்மண்ட்?"

"இல்லக்கா. வேகத்துல போறப்போ நிக்காது. எங்கனா ஸ்லோ பண்ணா அப்போ ஆஃப் ஆயிடும். இன்னாக்கா, பேஜாரா பேசுறீங்க?"

"உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார். யார் ஓட்டறான்னு தெரியல."

"அப்போ நான் இன்னாக்கா சொல்றது? நீங்கதான் பாத்து செய்யணும்."

அவள் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

கொளப்பாக்கம் தாண்டி, ஒரு வேகத்தடையாக இருக்க வேண்டும், வேகம் பதினைந்துக்கு இறங்கியது. பிறகு பூஜ்யம். புள்ளிகள் நின்றுவிட்டன. இனி ரோந்து வண்டி வந்தால் போதும். அவள் விடாமல் அவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று எடுத்தான்.

"ஹேமா! வண்டி ஆஃப் ஆயிடுச்சு. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பைக்ல ரெண்டு பேர் தொரத்தறாங்க, கையில கத்தி வெச்சிருக்காங்க, பக்கத்துல வந்துட்டாங்க."

அவன்தான் ஓட்டியிருக்கிறான். தப்பித்து ஓடிக்கொண்டிருந்தவனின் காலை அவளே வாரிவிட்டிருக்கிறாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. போனில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. யாரோ கெட்ட வார்த்தையில் கத்தினான். ஹரிபிரசாத் சாவியைத் திருகத் திருக, இன்ஜின் இருமி இருமி அடங்கியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"திரும்பத் திருகுங்க! விடாதீங்க, திருகுங்க!" என்று அலறினாள். ஸ்நேகா பயந்துபோய் வாசற்படியில் வந்து நின்று அழ ஆரம்பித்தாள். ஹேமாவதிக்கு அவளைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

இன்ஜின் உறுமியது. போன் இணைப்பு அறுந்தது.

அப்புறம் அவள் மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. புள்ளிகள் மாம்பாக்கம் போயின, புதுப்பாக்கம் போயின, கேளம்பாக்கத்தில் ஓரிடத்தில் நின்றன. போன் வந்தது.

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன். தோள்ல கண்ணாடி கிழிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. போன் சீட்டுக்கு அடியில விழுந்துடுச்சு, நீ அடிச்சது கேட்டுது, வண்டி நின்னப்புறம்தான் குனிஞ்சு எடுக்க முடிஞ்சுது."

"ஏங்க அந்தப் பக்கம் போனீங்க? நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதானே?" அவள் கத்தினாள்.

"வீட்டுக்கு வந்தா அவனுங்களும் பின்னாடியே வருவானுங்க. நீயும் கொழந்தையும்தானே தனியா இருக்கீங்க?"

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவன் வீட்டுப் பக்கமாக வந்திருந்தால் அந்தப் பொத்தானை அவள் தொட்டிருக்கவே மாட்டாள்.

"பாழாப்போன வண்டி, அந்த நேரம் பாத்து நின்னுது பாரு. நாளைக்கே சர்வீஸ் விடணும்" என்றான்.

"வண்டி மேல தப்பு இல்லங்க" என்றாள். "நான்தான் நிறுத்தினேன். வேற யாரோ ஓட்டறான்னு நெனச்சுட்டேன்."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள்.

"ஸ்நேகா சாப்பிட்டாளா?" என்று கேட்டான்.