பதினைந்து லிட்டர் பம்பு

தண்ணீர் பீய்ச்சும் அழுத்தத் துப்பாக்கியின் விசையை அமுக்கியதும் இன்ஜின் ஒரு முக்கு முக்கிவிட்டு அணைந்தது. காலையிலிருந்து இது ஆறாவது முறை. சும்மா இருக்கும்வரை குதிக்கிறது, வேலை என்றால் உடனே வயிற்றுவலி. இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து அவளுக்குத் தோள் இற்றுப்போயிற்று.

லாரி கழுவும் இந்தக் கடை புருஷனுடையது. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரை மூன்று மாதம் வீட்டோடு இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எடை தூக்கக் கூடாது, இன்ஜின் கயிற்றைத் தொடவே கூடாது. அதனால் கடை அவள் தலையில் விழுந்தது. பழைய பம்பு தேய்ந்துபோனதும் வீட்டிலிருந்தபடியே புதிதாக ஒன்றைத் தருவித்து, பிரித்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு அனுப்பினார்.

பழையது நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர் தள்ளும். புதியது அதே அழுத்தத்தில் பதினைந்து. ஒன்பதுக்கு ஐந்து குதிரைசக்தி போதும், பதினைந்துக்கு எட்டு வேண்டும். இருக்கும் இன்ஜினோ ஆறரை. குருவி தலையில் பனங்காய்தான்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்கிற மனிதர் அவர். அவரா தப்புச் செய்வார்? 'இவளால் கடை நடத்த முடியாது என்று காட்டத்தான் இப்படியோ' என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். நினைத்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போன் செய்யவும் பயம். சொன்னால் ஓடிவந்து கயிற்றைப் பிடித்துவிடுவார். அந்த நெஞ்சு தாங்காது.

பம்பின் விவரப் புத்தகத்தைப் புரட்டினாள். உள்ளே அவர் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்.

'ஒன்பது லிட்டர்: லாரிக்கு ஒரு மணி நேரம். ஐந்து லாரி. அவள் வீடு வர ஏழு மணி. பதினைந்து லிட்டர்: லாரிக்கு முப்பத்தைந்து நிமிடம். அவள் வீடு வர ஐந்து மணி.'

ஐந்து மணிக்குக் கீழே இரண்டு கோடு. குதிரைசக்தி என்ற பேச்சே அதில் இல்லை.

கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு போனை எடுத்தாள்.

"என்னம்மா, ஓடுதா?"

"அமுக்குனா அணைஞ்சிடுது. பம்பு பெருசுங்க. இன்ஜினைப் பாக்காமலா வாங்குனீங்க?"

"கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே வாங்கிட்டேன். இந்த வீட்ல சாயங்காலம் நகரவே மாட்டேங்குது. இரு, நான் வந்து பாக்குறேன்..."

"கயித்துல கை வச்சீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன். பம்பு வித்த கடைக்காரர்கிட்ட பேசி ஒம்பது லிட்டரே மாத்திக்கிறேன்."

"அப்ப ஏழு மணிதான்" என்றார். நாற்பத்தொன்பது வயது ஆள், பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போன பிள்ளையைப் போலச் சொன்னார்.

"கயித்தை இழுக்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார்? என் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னாரா? வண்டி அனுப்புறேன். சட்டையை மாத்திக்கிட்டு நில்லுங்க."



"மாத்திட்டேன்" என்றார். "தெனமும் நீ கெளம்புனதுமே மாத்திடுறேன்."