டீச்சர் நிறுத்திய பேச்சு

மருத்துவத்துக்காகக் கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் விவாதிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னபோது ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"இனிமே பசங்க கையில எதைப் பிடிச்சாலும் வீட்டுப்பாடம்னு சொல்லுவானுங்க" என்றார் கணக்கு வாத்தியார்.

குடிமையியல் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. விவாதத்தை நடத்த வேண்டியவர் அவர்தான். அவர் வீட்டு அலமாரியில், துவைத்த போர்வைகளுக்கு அடியில், அந்த எண்ணெய் இருந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழியில் விழுந்து முதுகு நொறுங்கிப் பிழைத்தவன். டாக்டர் கொடுத்த மாத்திரை அவனை நாள் முழுக்கத் தூங்க வைத்தது. வலி மட்டும் தூங்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருவன் எங்கிருந்தோ இந்தக் குப்பியைக் கொண்டுவந்தான். நாக்குக்கு அடியில் சில துளி. வலி போய்விட்டது என்று சொல்ல முடியாது. வாயில் துண்டைத் திணித்துக்கொள்ளாமல் மகளோடு உட்கார்ந்து பேச முடிந்தது, அவ்வளவுதான். குப்பி வெளியே வரும்போதெல்லாம் டீச்சர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். என்ன எண்ணெய் என்று அவர் கேட்டதில்லை. தெரியாமலும் இல்லை.

தலை குனிந்து பழகாத குடும்பம். அப்பா கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர். ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்றதில்லை, ஒருத்தரையும் தன் வாசலில் நின்று பேச விட்டதில்லை. அந்த வீட்டில் கஞ்சா என்று வெளியே தெரிந்தால் தம்பிக்கு ஜெயில், குடும்பத்துக்குத் தலையில் துண்டு. போதாக்குறைக்குத் தம்பி மகளும் அதே வகுப்பில் இருந்தாள். வேண்டும் என்கிற கட்சியில் பேச அவள் பெயர்தான் வந்திருந்தது.

டீச்சரின் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யார் எழுந்து பேசினாலும் முதலில் தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பேப்பரில் படித்ததும் போனில் பார்த்ததும் அதற்குப் பிறகுதான். எத்தனை பேர் உளறினாலும் பாதியில் நிறுத்தமாட்டார். அவரிடம் படித்துவிட்டுப் போனவர்கள்கூடத் தெருவில் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சட்டம் இப்போது அவர் கழுத்தையே பிடித்தது.

விவாதத்துக்கு முதல் நாள் மாலை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தம்பி மகளிடம் போய் நின்றார்.

"குட்டி, வீட்டு விஷயம் வீட்டோட இருக்கணும்."

"சரி அத்தை."

"அப்பா பேச்சே வரக் கூடாது."

"அதான் சரின்னேனே."

உள்ளறையிலிருந்து தம்பி குரல் கொடுத்தான். "என்னை விட்டுட்டா அவ எதைத்தான் பேசுவா? பேசட்டும்க்கா. இந்த வீட்டுலேயே பிரபலம் ஆகப்போற ஆள் நான் ஒருத்தன்தான்."

"நீ வாயை மூடிட்டுப் படு" என்றார் டீச்சர். அப்படியென்றால் எதைப் பேசப்போகிறாய் என்று பெண்ணிடம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஒன்றைச் சொல்லாதே என்று சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு பேச்சில்லை என்பது அந்த வீட்டு வழக்கம்.

மறுநாள் கடைசிப் பாடவேளை. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பியது. டீச்சருக்குக் கால் கடுத்தது. கூடாது என்கிற கட்சிக்கு முதலில் எழுந்தவன் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பு அவனுக்கு வைத்த பேர் அது.

"எங்க பெரியப்பா பையன் டீச்சர். நல்லாப் படிச்சவன். பிடிக்க ஆரம்பிச்சான். இப்போ குளிக்கச் சொன்னா அழுறான். மருந்துன்னு கடைக் கதவைத் திறந்துவிட்டா, வலி இருக்கிறவன் மட்டும்தான் உள்ள வருவானா?"

 டீச்சர் தலையை அசைத்தார். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அலுப்பாக இருந்தது அவருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் உடைந்துபோன ஒரு வீடு இருந்தது.

அடுத்து தம்பி மகள் எழுந்தாள். பின்னலை முதுகுக்குத் தள்ளிக்கொண்டாள்.

"எங்க வீட்டு..."

"போதும்" என்றார் டீச்சர். "வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம். படிச்சதைச் சொல்லு."

வகுப்பு திரும்பிப் பார்த்தது, முதலில் டீச்சரை, பிறகு அவளை. வக்கீல் பாதி எழுந்தான்.

"டீச்சர், நான் மட்டும் பெரியப்பா பையனைச் சொன்னேனே."

"உக்காரு."

"இல்ல டீச்சர், கண்ணால பார்த்ததைத்தானே..."

"உக்காருன்னு சொன்னேன்."

அவன் உட்கார்ந்தான். பின் வரிசையில் யாரோ, "அவங்கப்பா படுத்த படுக்கைதானேடா" என்றது எல்லோருக்கும் கேட்டது. தம்பி மகள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். மணி அடிக்கும் வரை வேறு யார் யாரோ பேசினார்கள். ஒன்றும் டீச்சர் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பெண் இரண்டடி முன்னால் போனாள். மருந்துக்கடை தாண்டியதும் திரும்பினாள்.

"எங்க வீட்டு மாடியில குடியிருந்த டெய்லரம்மான்னு ஆரம்பிச்சேன் அத்தை. புத்துநோய் மருந்து ஏத்திட்டு வந்து, ஒரு வாய் உள்ள போகாம வாந்தி எடுத்தாங்களே, அவங்களை. அந்த வாந்தியை நிறுத்த இதைக் கொடுத்துப் பார்க்கிறாங்கன்னு படிச்சேன். அதைத்தான் சொல்லப்போனேன். அப்பாவை நான் ஏன் சொல்லப்போறேன்?"

டீச்சர் நின்றுவிட்டார்.

"மணி அடிச்சதும் மூணு பேர் வந்து கேட்டாங்க, கஞ்சா எடுக்கிறது உங்கப்பாவான்னு. நான் வாயைத் திறக்கவே இல்லை. நீங்கதான் சொல்லிட்டீங்க."

 டெய்லரம்மாவின் வாந்தி வாளியை மாடியிலிருந்து தூக்கி வந்தவரே அவர்தான்.

வீட்டில் தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். டீச்சர் முதல் முறையாக அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கேட்டு முடித்ததும் அவன் சிரித்தான். சிரிப்பு முதுகில் பிடித்துக்கொண்டு முகம் கோணியது.

"வீட்டுல எல்லார் நாக்கையும் பூட்டுற நீ, உன் நாக்கைத் திறந்து விட்டுட்டியேக்கா."

"ஆமாம்" என்றார்.

அவன் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினான். "குப்பியை எடுத்துக் கொட்டிடு. நாளைக்கு யாராவது வந்து தேடினா ஒண்ணும் இருக்கக் கூடாது. குட்டி தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகணும். எனக்குப் பழைய மாத்திரை போதும்."

டீச்சர் எழுந்து போர்வைகளை நகர்த்திக் குப்பியை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கிவிட்டது, இவ்வளவுதானா என்று இருந்தது. சமையலறைக் குழாயடி வரைக்கும் போனார். மூடியைத் திருகினார். பச்சைத் தழை கசங்கினாற்போல ஒரு வாடை. பின்னால் பெண் வந்து நின்றது தெரிந்தது. அவள் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து, துண்டை எங்கே வைத்தோம் என்று தம்பி தலையணைப் பக்கம் தடவும் சத்தம் கேட்டது.

டீச்சர் திரும்பி நடந்தார்.

"வாயைத் திற" என்றார் தம்பியிடம்.

"அக்கா, வேண்டாம்னு சொன்னேன்ல."

"திறடா. எத்தனை சொட்டு?"

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கட்டில் காலருகே நின்ற பெண்தான் சொன்னாள். ஒரு துளி தவறி உதட்டில் விழுந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்லுவே?" என்றான் அவன்.

"தெரியலை. பொய் சொல்லமாட்டேன்." மூடியை இறுகத் திருகினார். "நாளைக்கு முதல்ல குட்டிதான் பேசுவா, டெய்லரம்மாவைப் பத்தி. நான் நிறுத்தினது தப்புன்னு வகுப்புல சொல்லிட்டு உக்காருவேன். அதுக்கு மேல இப்போ யோசிக்க முடியலைடா. களைப்பா இருக்கு."

எழுந்து அடுத்த அறைக்குப் போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.