அசையாமல் நின்ற கூட்டல் குறி

ஜெகதீஷ் வேகமானியை மோட்டார் தண்டிலிருந்து எடுத்து ராஜாத்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். நிமிடத்துக்கு 1455 சுற்று.

“தகட்டுல 1500னு போட்டிருக்குது. இது சாதா மோட்டாரு ஓடுற ஸ்பீடு. என் சிங்க்ரனஸ் மோட்டார சாதா மோட்டாரா ஆக்கிட்டியேம்மா!”

அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு நூலிழை ஆலையின் சூப்பர்வைசர். அங்கே இழையை இழுக்கும் உருளைகள் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். ஒன்று துளி பின்தங்கினாலும் இழை அறுந்துவிடும். எரிந்துபோன ஒன்றுக்குத்தான் ராஜாத்தி மூன்று நாளாகப் புதுக் கம்பிச்சுருள் சுற்றி முடித்திருந்தாள். ஆறு வருடம், மற்றவர்கள் சுற்றிய கம்பிக்கு வார்னிஷ் பூசும் மேசையிலேயே கிடந்தவளுக்குத் தனியாகச் சுற்றக் கிடைத்த முதல் மோட்டார்.

மோட்டார் ரிப்பேர் கடைக்காரர் நாராயணப்பன் உளியைக் கையில் எடுத்துவிட்டார். “கம்பிய அறுத்துட்டு நானே சுத்தித் தர்றேன் சார். நீ நாளைலேர்ந்து வார்னிஷையே பாரும்மா.”

ராஜாத்திக்கு இது எப்படி ஆகும் என்றே மனம் குடைந்தது. இரண்டு வகைக்கும் சுற்று ஒன்றுதானே? மோட்டாரின் வெளிக்கூட்டில் சுற்றிய கம்பி செய்வதெல்லாம், உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத்தைச் சுழலவிடுவதுதான். சாதா மோட்டாரின் நடுவே சுழலும் ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டே ஓடும். எட்டிப் பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்சாரம் எழாது, இழுவையும் இராது; அதனால் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். பக்கங்களில் பள்ளம் வெட்டிய இந்த ரோட்டாரோ, காந்தத்தோடு பூட்டிக்கொண்டு ஓடும். அதை அவள் தொடவே இல்லை.

“ஒரு நிமிசம் பொறுங்கண்ணா.”

வெளி வெளிச்சம் குறையட்டும் என்று ஷட்டரைப் பாதி இறக்கினாள். டியூப்லைட்டுக்குக் கீழே மோட்டாரை வைத்து, கப்பியின் முகத்தில் சாக்பீஸால் பெரிய கூட்டல் குறி போட்டு, சுவிட்சைத் தட்டினாள். குறி கலங்கி மறைந்தது. பிறகு நான்கு கைகளோடும் அப்படியே நின்றது. மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

“என்னம்மா, மாயமா?”

“டியூப்லைட்டு அணைஞ்சு அணைஞ்சு மின்னுதுங்க சார், நம்ம கண்ணுக்குத்தான் தெரியல. ஒரு மின்னலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல காந்தம் சரியா கால் சுத்து போகும். மோட்டாரும் கால் சுத்து போனா, ஒரு கை இருந்த எடத்துல அடுத்த கை வந்து நிக்கும்.”

பாரூர் விவசாயி ஒருவரின் சாதா மோட்டார் பக்கத்தில் தயாராக இருந்தது. அதிலும் குறி போட்டு ஓட்டினாள். கூட்டல் குறி நிற்காமல் மெல்ல நகர்ந்தது.

“அட, ரிவர்ஸ்ல போகுதே!”

“போகலீங்க, பின்தங்குது.”

நாராயணப்பன் கப்பி விளிம்பில் கட்டையை வைத்து அழுத்தினார். குறி இன்னும் வேகமாகப் பின்னால் ஓடியது.

“அப்ப என் மீட்டர் பொய் சொல்லுதா?”

ராஜாத்தி முதல் மோட்டாரின் குறியைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டியும் இருக்கிறது, 1455-ம் காட்டுகிறது. அப்படியானால் காந்தமே மெதுவாகச் சுழல்கிறது!

“இல்லீங்க சார். கரண்டு செகண்டுக்கு அம்பது தடவ ஆடுனாத்தான் ஆயிரத்தி ஐநூறு. இப்ப கரண்டே கம்மியா ஆடுது. லைட்டும் அதே கரண்டுல மின்னுறதால, ரெண்டும் சேந்தே மெதுவாகுது.”

ஜெகதீஷ் உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டார். “நாப்பத்தெட்டரை... காலைல எங்க பேனல்லயும் அதேதான் காட்டுச்சு.”

“உங்க இன்னொரு உருளையும் இதே கரண்டுலதானுங்களே ஓடுது? ஒண்ணாவே மெதுவாகும். இழை அறாது.”

அவர் நாராயணப்பனிடமிருந்து கட்டையை வாங்கி, தன் மோட்டாரில் அழுத்தினார். குறி ஒரு விரற்கடை சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது.

“விடமாட்டேங்குதே!”

“ரொம்ப அழுத்துனா பூட்டு விட்டுரும் சார்.”

அழுத்தினார். குறி பிய்த்துக்கொண்டு பின்னால் ஓடியது. கையை எடுத்ததும் மறுபடி வந்து பூட்டிக்கொண்டது.

“நாராயணப்பா, வேற மெஷின்லயும் ரெண்டு எரிஞ்சது கெடக்குது. நாளைக்கு அனுப்புறேன், இந்தம்மாவே சுத்தட்டும்.”

“சரிங்க சார். இத வண்டில ஏத்திரலாமா?”

“இருய்யா, அவசரப்படாத,” என்று ஜெகதீஷ் மறுபடியும் கட்டையை அழுத்தினார்.