நிற்காத கம்ப்ரசர்

எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கீழே போட்டுவிட்டு, அவள் புருஷனின் கையைப் போர்வைக்குள் திரும்ப வைத்தாள். இத்தனை வருடம் சோப்புக்கு மசியாதது இன்றைக்கா மசியப்போகிறது.

"அம்மா, மாமாவுக்குச் சொல்லிடவா?" வாசலில் நின்று மகன் கேட்டான்.

"வேண்டாம்."

"உன் கூடப் பொறந்தவர் அவர் ஒருத்தர்தானேம்மா..."

"வேண்டாம்னா வேண்டாம். மனுஷன் உசிரோட இருந்தப்ப வாசல் மிதிக்காதவன் இப்ப எதுக்கு?"

கதை மகனுக்கும் தெரியும். அவனுக்கு மூத்தவள் ஜுரத்தில் கிடந்த அன்று, ஆள் மேல் ஆள் அனுப்பியும் புருஷன் தொழிற்சாலையை விட்டு வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது. "மெஷினை நிறுத்திட்டு வர மனசில்லை உன் புருஷனுக்கு" என்று அண்ணன் கத்தினான். "அது நிறுத்துற மெஷின் இல்லை, உனக்கு என்ன தெரியும்" என்று இவள் அவனுக்கு மேல் கத்தினாள். அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு அறுந்தது.

புருஷன் சொன்னது அவளுக்கு மனப்பாடம். "அது நீராவியில ஓடுற கம்ப்ரசர். நிறுத்துனா உள்ள இருக்கிற ஆவி தண்ணியாயிடும். காத்தை அழுத்தலாம், தண்ணிய அழுத்த முடியுமா? மறுபடி ஓட்டுனா மூடியே பொளந்துடும். நின்னா அரை நாள் போச்சு." கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிச் சொல்லித்தான் அவள் அவரைக் காப்பாற்றி வந்தாள்.

சவ வண்டி வந்ததும் ஃபோர்மேன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். புருஷனிடம் வேலை பழகியவன். "நம்ம தொழிற்சாலை வழியா போகலாம் அண்ணி. ஒருத்தர் போயிட்டா, அவர் ஓட்டுன மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்துறது எங்க வழக்கம்."

"ஐயையோ, அதை நிறுத்தலாமா?"

"அண்ணனுக்கு நிறுத்தாம வேற யாருக்கு நிறுத்துறது?"

அவருக்காக அரை நாள் வேலையையே விடுகிறார்களே என்று நினைத்தபடி அவள் தலையசைத்தாள்.

தொழிற்சாலையில் அந்தக் கம்ப்ரசர் இருந்த கொட்டகையை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒன்றின் தலைமேல் ஒன்றாக இரண்டு இரும்பு உருளைகள், நடுவே மினுமினுக்கும் ஒரே தண்டு. மேல் உருளையில் நீராவி தண்டை ஏற்றி இறக்க, கீழ் உருளை காற்றை உறிஞ்சிப் பக்கத்துத் தொட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தது. ஓர் ஆள் உயரம்கூட இல்லை. இதற்காகவா, என்று நினைத்தாள்.

ஃபோர்மேன் நீராவிக் குழாயின் திருகுச் சக்கரத்தைச் சுற்றி மூடினான். தண்டு பாதியில் நின்றது. எல்லோரும் தலை குனிந்தார்கள். எங்கே வெடித்துவிடுமோ என்ற பயத்தில் அவள் மட்டும் அதையே பார்த்தபடி நின்றாள்.

நிமிடம் முடிந்தது. அவன் அடியிலிருந்த சின்னக் குழாய்களைத் திறந்துவிட்டு, நீராவியைக் கொஞ்சமாக விட்டான். தண்ணீர் துப்பியது, பிறகு வெறும் ஆவி வந்தது. குழாய்களை மூடினான். தண்டு மெல்ல ஏறியது, இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பழைய வேகம்.

"அவ்வளவுதானா?"

"என்ன அண்ணி?"

"நின்னா அரை நாள் ஆகும்னு சொல்வாரே."

"அது முழுசா ஆறிப்போனாத்தான் அண்ணி. சூட்டோட இருந்தா ஒரு டீ குடிக்கிற நேரம். தொட்டியில காத்து இருக்கும், வெளியில யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ஒரு மணி நேரம் ஆளே இல்லைன்னாலும் நாங்க பாத்துக்குவோம். அண்ணன் தம்மடிக்கவே நிறுத்துவாரு!" சிரித்தவன், இடம் உணர்ந்து சிரிப்பை விழுங்கினான்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"மாமாவுக்கு போன் போடு."

மகன் அவள் முகத்தைப் பார்த்தான். "என்னன்னு சொல்லட்டும்?"

வண்டி குலுங்கிக் கிளம்பியது. போர்வை விலகி, கறுத்த நகங்களோடு கை வெளியே சரிந்து தொங்கியது. மகன் அதை எடுத்து உள்ளே வைக்கக் குனிந்தான்.

"கிடக்கட்டும், விடு" என்றாள்.